மணந்து பார்த்துத்தான் கொடுத்தேன்

போன கிழமை தர்சினி தொலைபேசியில் அழைத்தாள். ஆஸ்பத்திரியில் நான் முப்பது வருடம் வேலை செய்த மருந்து கலக்கும் அறையில், என் கதிரையில் இப்போது இருப்பவள் அவள்.

"மிஸ், ரிட்டயர் ஆன ஆக்களிட்டை ஒவ்வொரு கட்டுரை வாங்கிச் சின்னப் புத்தகம் ஒண்டு அடிக்கப் போறம். நீங்கள் முகக் கிறீமைப் பற்றி எழுதித் தாங்கோ. வீட்டிலை செய்யிறதெண்டால் எந்த எண்ணெய் நல்லம், முகத்திலை பாரமா நிக்காமல் லேசா இருக்கிறது எது எண்டு. சனம் போனிலை பாத்துப் பாத்துக் கண்டதையும் பூசிக்கொண்டு வருகுது."

"உமக்குத் தெரியாததே?" என்றேன்.

"நீங்கள் எழுதினால்தான் மிஸ் எடுபடும். உங்கடை மூக்கை இஞ்சை ஆர் மறந்தது?"

ஓம் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். மூன்று நாளாக எழுதுகிறேன், கிழிக்கிறேன். கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு எழுதப்போவதை அவள் அச்சில் போடுவாளோ அடுப்பில் போடுவாளோ, அது அவள் பாடு.

முகத்துக்கு லேசான கிறீம் என்றால் நூறு பங்கில் எண்ணெய் எட்டு, மிஞ்சினால் பத்துப் பங்கு. மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். இரண்டையும் பிரியவிடாமல் பிடித்து வைக்க ஒரு மெழுகு வேண்டும், பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க ஒரு மருந்து வேண்டும். எங்கள் சனம் இதையெல்லாம் காதில் வாங்காது. "தேங்காயெண்ணெய் பூசலாமோ மிஸ்?" என்பதில்தான் தொடங்கும். தலைக்குப் பூசுங்கள், வெடித்த குதிக்காலுக்குப் பூசுங்கள். பரு வருகிற முகத்துக்கு வேண்டாம், அடைத்துக்கொள்ளும். நல்லெண்ணெய் என்றால் குடித்தாலும் நல்லது குளித்தாலும் நல்லது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் அதை முகத்தில் பூசிக்கொண்டு மத்தியான வெயிலில் பஸ்ஸுக்கு நின்றால் பொரித்த மோதகம் மாதிரி மினுங்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஆமணக்கெண்ணெய் தடிப்பு, முகத்துக்கு ஆகாது. ஒலிவ் எண்ணெய் கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் எங்கள் வெக்கைக்குப் பாரம்தான். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து பார்சலில் போட்டு அனுப்புகிற திராட்சை விதை எண்ணெய், பாதாம் எண்ணெய் எல்லாம் லேசானவை. அவை வந்து சேர்வதற்குள் பாதி ஆயுள் முடிந்திருக்கும்.

எனக்குக் கைவந்தது சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய். நிறமில்லை, மணமில்லை. கன்னத்தில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் உள்ளே போய்விடும், காய்ந்த தோலுக்கு உதவியும் செய்யும். ஒரே ஒரு குறை, கெதியில் பழுதாகிவிடும், கனநாள் தாங்காது. வெளிச்சமும் சூடும் காற்றும் அதற்குச் சத்துருக்கள். பழுதாகத் தொடங்கும்போது கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, மூக்கால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதை எனக்குப் பழக்கியவர் கனகசபை சேர். கொழும்பில் படித்ததையும் பருத்தித்துறையில் இரண்டு வருடம் மாத்திரை எண்ணியதையும் விட்டுவிடுகிறேன். என் தொழில் அவருடைய அறைக்குள் கால் வைத்த அன்றுதான் தொடங்கியது. சேர் மெலிந்த மனிசன். வெள்ளை ஷேர்ட்டின் இடது கையை மட்டும் முழங்கைக்கு மேலே மடித்துவிட்டிருப்பார். அந்தக் கையின் உட்பக்கம்தான் அவருடைய பரிசோதனைக்கூடம். புது எண்ணெய் எது வந்தாலும் அங்கே ஒரு சொட்டு. பேனையால் சுற்றி ஒரு வட்டம். இரண்டு நாள் காத்திருப்பு. சில நாட்களில் நாலைந்து வட்டத்தோடு திரிவார். அவர் மனைவி, "உங்கடை சேர் கையிலை கோலம் போடுறார்" என்று எங்களிடம் சொல்லிச் சிரிப்பா.

"சேர், இந்த எண்ணெய் நல்லதோ?" என்று கேட்டால் தலை நிமிர்த்தாமல் ஒரு சொல்தான் சொல்லுவார்.

"ஆருக்கு?"

முதல் ஒரு வருடம் எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வரும். கேட்டதற்குப் பதில் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நினைப்பேன். பிறகுதான் புரிந்தது, அவர் உண்மையாகவே கேட்கிறார். வயது போன மனிசியின் காய்ந்த கன்னத்துக்கோ, பரு வெடித்த பள்ளிக்கூடப் பிள்ளைக்கோ, கடலில் நாள் முழுக்கக் காய்கிறவருக்கோ என்று தெரியாமல் அவர் பதில் சொல்ல மாட்டார்.

அவர் வைத்த ஒழுங்கு இது: எண்ணெய் வருகிற தகரப் பேணியைத் திறந்த திகதியை நீலப் பென்சிலால் பேணியில் எழுத வேண்டும். மூன்று மாதம் கடந்தால், பாதி இருந்தாலும் கிறீமுக்கு எடுக்கக் கூடாது. மூன்று மாதத்துக்குள்ளும் தினம் காலையில், தேத்தண்ணி குடிக்க முன்னம், இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டுச் சூடு வரத் தேய்த்து, மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணக்க வேண்டும். தேத்தண்ணி குடித்த மூக்கு பாதி நித்திரை என்பார். கடைசியாக ஒரு முறை. கிறீம் போத்தலை நோயாளிக்கு முன்னாலேயே திறந்து, தான் முதலில் மணந்து, பிறகு அவர்களிடம் மணக்கக் கொடுத்து, அதற்குப் பிறகுதான் மூடிக் கையில் கொடுப்பார். வேறு எந்த ஆஸ்பத்திரியிலும் இப்படிச் செய்ததை நான் காணவில்லை.

சேருடைய மூக்கைவிட என் மூக்கு கூர்மை என்று ஒரு நாள் அவரே சொன்னார். "எனக்குப் பிறகு இந்த அறைக்கு உம்மடை மூக்குக் காணும்." அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியுமா? அரியாலையில் எங்கள் ஒழுங்கையில் கலியாணப் பலகாரத்துக்கு வாங்குகிற எண்ணெய்ப் பேணிகூட என் கேற்றடிக்கு வந்துதான் போகும். நான் மணந்துவிட்டு, "சுடலாம்" என்றோ "கடைக்காரனிட்டைத் திருப்பிக் குடு" என்றோ சொல்லுவேன். எனக்கு அது பெரிய பெருமை. புருஷன் போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் வெளிநாடு போய், தனியாக இருந்த காலத்தில் என்னிடம் மிஞ்சி இருந்த பெருமையும் அது ஒன்றுதான்.

சேர் ஓய்வு பெற்று உடுப்பிட்டியில் தன் வீட்டோடு இருந்துவிட்டார். அவருடைய கதிரை எனக்கு வந்தது. அதற்குச் சில வருடத்தின் பின்தான் கொரோனா வந்தது.

எனக்கு வந்தது பெரிய வருத்தமில்லை. நாலு நாள் காய்ச்சல், உடம்பு உளைவு. ஐந்தாம் நாள் எழும்பிப் பால் காய்ச்சினேன். அடுப்படியில் நின்றுகொண்டிருக்கும்போதே பால் பொங்கி அடிப்பிடித்துக் கருகியது. புகையைக் கண்டபிறகுதான் தெரிந்தது. ஓடிப்போய்க் கோப்பித்தூள் போத்தலைத் திறந்து மூக்கில் வைத்தேன். தலையிடிக்குப் பூசுகிற சித்தாலேபத்தை வைத்தேன். மண்ணெண்ணெயை வைத்தேன். ஒன்றுமில்லை. வெறும் காற்று.

எல்லாருக்கும் கொஞ்ச நாளில் திரும்பி வந்தது. எனக்கு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இப்போது நியாயம் கட்டலாம். ஓய்வு பெற இரண்டு வருடம்கூட இல்லை, வேறு பகுதிக்கு மாற்றிவிடுவார்கள், இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று நினைத்தேன், இப்படி எத்தனையோ. உள்ளது அது இல்லை. வெட்கம். மூக்கு என்று பெயர் எடுத்தவளுக்கு மூக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. காலையில் வழமைபோல உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து, முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், தலையாட்டுவேன். தர்சினி அப்போது புதிதாக வந்து எனக்கு அடுத்த மேசையில் இருந்தாள். நான் தலையாட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் மெழுகைத் தராசில் வைப்பாள்.

ஒரு வருடம் ஒரு பிழையும் நடக்கவில்லை. மணம் இல்லாததற்கு ஈடாகத் திகதியைப் பிடித்துக்கொண்டேன். இரண்டரை மாதத்திலேயே பேணியை ஒதுக்கிவிடுவேன். புதுப் பேணி கேட்டால் வந்துகொண்டிருந்த காலம் அது.

அப்போதுதான் றெஜினா வந்தாள்.

குருநகர்ப் பிள்ளை. இருபத்துநாலு, இருபத்தைந்து வயது இருக்கும். தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அவளும் தாயும் நண்டு உடைக்கிற கொம்பனியில் வேலை. விடிய ஐஸுக்குள்ளும் உப்புத் தண்ணிக்குள்ளும் கை, மிச்ச நேரம் வெயில். அவளுக்கு ரவுண் கடைத்தெருவில் ஒரு பெரிய உடுபுடவைக் கடையில் முன்னுக்கு நின்று ஆட்களை வரவேற்கிற வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. அந்த ஆசையில் முகம் வெளுக்க என்று ஏதோ கடையில் பெயர் ஒட்டாத வெள்ளைக் கிறீம் ஒன்று வாங்கிப் பூசியிருக்கிறாள். முதல் மாதம் வெளுத்தது. பிறகு தோல் மெலிந்து, சிவந்து, தண்ணி பட்டாலும் எரிகிற நிலைக்கு வந்துவிட்டது. இப்படி எத்தனையோ பிள்ளைகள் வந்தார்கள், இன்றைக்கும் வருகிறார்கள்.

தோல் டொக்டர் அந்தக் கிறீமை நிற்பாட்டச் சொன்னா. குழாயில் வருகிற எந்த மருந்தும் அவளுக்கு எரிந்தது. அதனால் துண்டு எழுதி என்னிடம் அனுப்பினா: லேசாக, வாசனை ஒன்றும் இல்லாமல், ஒரு கிறீம் செய்து கொடுக்கவும்.

முதல் போத்தலை எப்படிச் செய்தேன் என்பது கைக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. புதுப் பேணி. எண்ணெயையும் மெழுகையும் ஒரு பாத்திரத்தில், கொதித்த தண்ணியை இன்னொன்றில், இரண்டும் ஒரே சூட்டுக்கு வரும்வரை நீராவியில் வைத்தேன். ஒன்றுக்குள் ஒன்றை மெல்ல ஊற்றி, ஆறும்வரை கை எடுக்காமல் கிண்டினேன். இடையில் நிறுத்தினால் திரைந்துபோகும். அவளுடைய முழங்கையின் உட்பக்கம் ஒரு சொட்டு வைத்து வட்டம் போட்டு இரண்டு நாள் கழித்து வரச் சொன்னேன். வட்டத்துக்குள் ஒன்றும் இல்லை. போத்தலைக் கொடுத்தேன்.

மூன்றாம் கிழமை வந்தபோது முகத்தில் சிவப்புப் பாதிக்கு மேல் வாங்கியிருந்தது. மாஸ்க்கை இறக்கிக் காட்டிச் சிரித்தாள்.

"தலகாணி முட்டினாலும் இப்ப எரியேல்லை மிஸ். கடைக்காரர் சொல்லிப்போட்டார், முகம் வடிவா வந்திட்டால் வாற மாதம் ஒண்டாந் திகதி வரட்டாம். அம்மா மாதாவுக்கு மெழுகுதிரி நேந்து வைச்சிருக்கிறா."

அடுத்த போத்தலுக்கு அவள் வந்தபோது நாடு காசில்லாமல் படுத்துவிட்டது. பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, கறண்ட் நாளுக்கு எத்தனை மணித்தியாலம் போகும் என்று ஒருவருக்கும் தெரியாது. குளிர்சாதனப் பெட்டி பாதி நாள் வெறும் அலுமாரி. புது எண்ணெய் வருகிற வழியில்லை என்று மருந்து ஸ்ரோரில் கையை விரித்துவிட்டார்கள். அந்தப் புதுப் பேணி முடிந்துவிட்டது; என்னிடம் இருந்தது முன்னம் ஒதுக்கி வைத்த, திறந்து ஐந்து மாதமான பேணியில் கால்வாசி. நீலப் பென்சில் திகதி எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

"எண்ணெய் இல்லைப் பிள்ளை. கொஞ்ச நாளைக்கு வஸ்லினை மெல்லிசாப் பூசிச் சமாளிக்கிறீரே?" என்று கேட்டேன்.

அவளுடைய முகம் விழுந்துபோனது. "அது மினுங்கும் மிஸ். எண்ணெய் வடியிற முகத்தோடை கண்ணாடிக் கதவடியிலை நிப்பாட்டுவினமோ? இன்னும் மூண்டு கிழமைதானே மிஸ் கிடக்கு. எப்பிடியெண்டாலும் செய்து தாங்கோ."

வஸ்லினைக் கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும். மினுங்கினால் மினுங்கிவிட்டுப் போகட்டும், ஒரு பஞ்சால் ஒற்றி எடுக்கலாம். பேணி பழையது, பொறும் பார்ப்போம் என்று சொல்லியிருக்கலாம். அல்லது தலையைத் திருப்பி, "தர்சினி, இதை ஒருக்கா மணந்து பாரும்" என்று சொல்லியிருக்கலாம். நான் செய்தது இதுதான்: இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்தேன். மாஸ்க்கை இறக்கி, மூக்குக்குக் கிட்டப் பிடித்து, வழமைபோலத் தலையாட்டினேன். நிறம் சரியாக இருந்தது. பிசுபிசுப்பு இல்லை. இவ்வளவு காலம் பிழை வரவில்லைத்தானே என்று நினைத்தேன். சேர் இருந்த காலத்திலும் மூன்று மாதம் கடந்த எண்ணெய் சிலது பழுதாகாமல் இருந்ததைக் கண்டிருக்கிறேன் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முன்னம் ஒத்துக்கொண்ட கிறீம்தானே என்று கையில் வட்டமும் போடவில்லை. கலந்து, ஆறவைத்து, போத்தலில் நிரப்பி, அவளுக்கு முன்னால் திறந்து மணந்தேன். அவளிடம் மணக்க நீட்டவில்லை. அவள் மாஸ்க் போட்டிருந்தாள், கொரோனாக் காலம், கழற்றச் சொல்லக் கூடாது என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தேன்.

பத்து நாளில் திரும்பி வந்தாள். தாயின் பழைய சீலைத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். கண் இமை வீங்கியிருந்தது. கன்னம் இரண்டும் வெடித்து நீர் கசிந்துகொண்டிருந்தது. டொக்டர் என்னையும் கூப்பிட்டு அனுப்பினா. அந்த அறையில் நாங்கள் மூன்று பேர்தான்.

"அந்த வெள்ளைக் கிறீமைத் திரும்பப் பூசினனீர், என்ன?" என்று டொக்டர் கேட்டா.

"இல்லை டொக்டர். மாதாவாணை இல்லை."

"எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுறவை. திகதி கிட்ட வரக் கெதியா வெளுக்க வேணும் எண்டு பூசிப்போட்டு, இப்ப வந்து அழுறது."

"நான் பூசேல்லை டொக்டர். மிஸ் தந்ததை மட்டும்தான் பூசினனான்."

டொக்டர் என் பக்கம் திரும்பினா. கெட்ட மனிசி இல்லை. ஒரு நாளைக்கு நூறு பேர் பார்க்கிறவ. "மிஸ், உங்கடை கிறீமிலை பிழை ஏதும் இருக்குமோ?"

நான் சொன்னேன்: "மணந்து பாத்துத்தான் குடுத்தனான் டொக்டர்."

அவ்வளவு போதும் அவவுக்கு. என் மூக்கைப் பற்றி அந்த ஆஸ்பத்திரியில் தெரியாத டொக்டர் இல்லை. றெஜினாவின் கிளினிக் அட்டையில், சொன்னதைக் கேளாமல் திரும்பவும் வெளுக்கிற கிறீம் பாவித்திருக்கிறார் என்று எழுதினா. றெஜினா என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்லுவேன் என்று பார்த்தாள். நான் அவளுடைய பையிலிருந்த போத்தலை, "தாரும், நான் கொண்டுபோய்ப் பாக்கிறன்" என்று வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அறைக்கு வந்து அந்த எண்ணெய்ப் பேணியைத் தர்சினியிடம் நீட்டி, போகிற போக்கில் கேட்பதுபோல, "எனக்கு இண்டைக்குத் தடிமன், மூக்கு அடைச்சிருக்கு. இதை ஒருக்கா மணந்து பாரும்" என்றேன். கிட்டக் கொண்டுபோனவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சீக், பழைய வடைச் சட்டி மாதிரி மணக்குது மிஸ். எறியட்டே?"

"எறியும்" என்றேன்.

யன்னலால் பார்த்தால் விறாந்தையில் ஆட்கள் இருக்கிற வாங்கு தெரியும். றெஜினா இன்னும் அங்கேதான் இருந்தாள், மருந்துத் துண்டை மடித்து மடித்து விரித்துக்கொண்டு. இருபது அடி இருக்குமா? அந்த இருபது அடியை நான் நடக்கவில்லை. அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மருந்தை வாங்கிக்கொண்டு, படி இறங்கிப் போகும்வரை யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு போத்தலிலிருந்த கிறீமைத் தொட்டியில் ஊற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.

அவள் அதற்குப் பிறகு கிளினிக்குக்கு வரவேயில்லை. ஒண்டாந் திகதி வந்து போனது. அன்று நான் ரவுணுக்குப் போக வேண்டி இருந்தது. அந்தக் கடை இருக்கிற தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போனேன்.

அடுத்த வருடம் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள். பேசிய ஒருவர் விடாமல் என் மூக்கைப் புகழ்ந்தார்கள். மேசையில் இருந்த மல்லிகை மாலை எனக்குப் பிளாஸ்ரிக் மாலை மாதிரித்தான் இருந்தது. எல்லாரும் சிரித்த இடத்தில் நானும் சிரித்தேன்.

வீட்டில் தனியே இருக்கத் தொடங்கியபிறகுதான் அது என்னைத் தின்னத் தொடங்கியது. பொறுக்க முடியாமல் ஒரு நாள் பஸ் ஏறி உடுப்பிட்டிக்குச் சேரிடம் போனேன். வயது போய்விட்டது, கைத்தடியோடு நடக்கிறார், ஆனால் அந்த இடது கை இன்னும் மடித்துத்தான் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

"இதை இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

"இல்லை சேர். இப்பதான் சொல்லிப்போட்டன்."

"ஆருக்கு?" என்றார்.

பழைய மாதிரியே தலை நிமிர்த்தாமல் கேட்டார். என்னால் அதற்குமேல் அங்கே இருக்க முடியவில்லை. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

அதற்கும் பிறகு இரண்டு மாதம் எடுத்தது எனக்குக் குருநகருக்குப் போக. கோயிலடியில் விசாரித்தேன். கரையோரத்தில் தகரக் கொட்டகைக்குள் நண்டு தரம் பிரிக்கிற இடத்தைக் காட்டினார்கள். றெஜினா ஒரு தொட்டியடியில் குந்தியிருந்து, உயிர் நண்டின் காலைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள். தலையில் ஒரு தொப்பி. நிமிர்ந்தபோது பார்த்தேன். இரண்டு கன்ன எலும்பின் மேலும் கறுப்புப் படை, அதற்குள் செம்மயிர் மாதிரிச் சின்னச் சின்ன நரம்புகள்.

"மிஸ்ஸோ? என்ன மிஸ் இந்தப் பக்கம்?" என்று கையைக் கழுவிக்கொண்டு எழும்பினாள். இருக்கச் சொல்லி ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டாள். நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். கொரோனா, பேணி, ஐந்து மாதம், டொக்டருக்கு நான் சொன்ன பதில், யன்னல் எல்லாம். சொல்லும்போது அவள் கையில் இருந்த கயிற்றுத் துண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப உங்களுக்கு மணம் தெரியாதோ மிஸ்?"

"தெரியாது."

"இப்பவும்?"

"இப்பவும் தெரியாது பிள்ளை."

தொட்டிக்குள் நண்டுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருந்தன. அவள் கத்தவில்லை, அழவில்லை, சாதாரணமாகச் சொன்னாள்.

"எனக்கு மணத்தது மிஸ். வீட்டை போய் மாஸ்க்கைக் கழட்டிப்போட்டுத் திறக்கேக்கையே மணத்தது. எறி பிள்ளை உதை எண்டு அம்மாவும் சொன்னவ. நான்தான் அவவோடை சண்டை பிடிச்சனான். மிஸ் என்ரை கண்ணுக்கு முன்னாலை மணந்து பாத்துத் தலையாட்டித் தந்தவ, அவவுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமோ எண்டு கேட்டனான். எரிய எரியப் பூசினன் மிஸ். மருந்து வேலை செய்யுது எண்டு நினைச்சன்."

மன்னித்துக்கொள் என்று கேட்கத்தான் போனேன். கேட்கவில்லை. அந்தச் சொல்லுக்கு அங்கே என்ன வேலை?

"டொக்டரிட்டைச் சொல்லுவியளோ?" என்று கேட்டாள். "நான் பொய் சொல்லேல்லை எண்டு."

டொக்டர் மற்ற டொக்டர்மாரைப் போல நாட்டை விட்டுப் போய்விட்டா. அதையும் சொன்னேன். அவள் தலையாட்டினாள். அட்டையில் எழுதினது எழுதினதுதான். அவளைப் பொய்க்காரி ஆக்கிய எழுத்து அந்த ஆஸ்பத்திரியில் எங்கேயோ ஒரு அலுமாரியில் இருக்கிறது. அதற்கு மாறாக எழுத என்னிடம் இருப்பது இந்தக் கட்டுரை ஒன்றுதான். றெஜினா பொய் சொல்லவில்லை. அவள் நான் கொடுத்ததை மட்டும்தான் பூசினாள்.

வெளிக்கிடும்போது மறித்து, மூன்று நண்டை ஒரு பைக்குள் போட்டுத் தந்தாள். "விலையாகாதது மிஸ், கால் முறிஞ்சது. இவ்வளவு தூரம் வந்திருக்கிறியள்." வேண்டாம் என்று சொல்லும் தகுதிகூட எனக்கு இருக்கவில்லை. வாங்கிக்கொண்டேன்.

பஸ் உடனே வரவில்லை. வெயிலுக்குள் ஒன்றரை மணித்தியாலம் நின்றிருப்பேன். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தபோது மூன்றும் அசையாமல் கிடந்தன. செத்த நண்டு கெதியில் பழுதாகும். குனிந்து மணந்தேன். வெறும் காற்று.

வேலிக்கு அங்கால் அடுத்த வீட்டுப் பிள்ளை உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். கூப்பிட்டேன். "பிள்ளை, எனக்கு மணம் தெரியாது. இந்த நண்டு பழுதோ எண்டு ஒருக்கா மணந்து சொல்லும்."

அவள் ஆச்சரியப்படக்கூட இல்லை. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாள். பைக்குள் முகத்தை விட்டாள். "பழுதாப் போச்சு அன்ரி, எறியுங்கோ" என்றுவிட்டுப் போய் மிச்ச உடுப்பைக் காயப்போட்டாள். என்னைப் பார்த்து அவள் சிரிக்கவும் இல்லை, என் பெருமையில் ஒன்றும் உடைந்து விழவும் இல்லை. அரை நிமிடம்கூட எடுக்கவில்லை.

தர்சினி, அந்தப் பேணியை நான் கையில் எடுத்த அன்றைக்கு நீர் எனக்கு அடுத்த மேசையில்தான் இருந்தீர்.